பூஜ்ஜியப் பிரிவின் பெண்: ஜப்பானின் சின்ன பட்ஜெட் உளவாளிப் படங்களுக்குப் பின்னால் ஒரு கணக்கு

சிவப்பு கோட்டு போட்ட ஒரு பெண், கையில் துப்பாக்கி, பின்னால் பாழடைந்த கிடங்கு. இந்த மாதிரி ஒரு நிமிட வீடியோத் துண்டு உங்கள் கண்ணிலும் எப்போதாவது பட்டிருக்கும். கீழே ஒருவர் "ஜப்பான் பி-கிரேடு படம்" என்று எழுதியிருப்பார். இன்னொருவர் "தியேட்டரில் போணியாகாததை வீடியோவில் விட்டுவிட்டார்கள்" என்பார். மூன்றாமவர் "அதெல்லாம் கில்மா படம், சண்டை சும்மா ஒரு சாக்கு" என்று தீர்ப்பே எழுதிவிடுவார். "இது ஏதோ அனிமேயிலிருந்து, அதாவது ஜப்பானிய கார்ட்டூன் படத்திலிருந்து எடுத்தது" என்று நான்காவதாகவும் ஒருவர் வந்து சேருவார்.

நாலு பேச்சிலும் துளி உண்மை உண்டு. ஆனால் இந்தப் படங்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்ற கேள்விக்கு நாலில் ஒன்றும் பதில் சொல்வதில்லை. நாயகி ஏன் ரகசியப் பிரிவில் வேலை பார்க்கிறாள், படம் ஏன் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிகிறது, சண்டை ஏன் எப்போதும் யாருமில்லாத கிடங்கில் நடக்கிறது, ஒரே கதாபாத்திரத்துக்கு ஏன் படத்துக்குப் படம் வேறு நடிகை என்று கேட்டுக்கொண்டே போனால், பாதைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகின்றன. அந்த இடம் வீடியோ வாடகைக் கடையின் கல்லாப்பெட்டி.

அண்டா யாருக்கு விற்கப்படுகிறது?

கல்யாணச் சமையலுக்குப் பெரிய அண்டா வேண்டும். அதை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. பாத்திர வாடகைக் கடையில் ஒரு நாளைக்கு எடுத்து, கழுவித் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். ஆகவே அண்டா செய்பவரின் உண்மையான வாடிக்கையாளர் கல்யாண வீட்டுக்காரர் இல்லை, வாடகைக் கடைக்காரர்தான். அண்டா விலை அதிகம் என்று கடைக்காரர் ரொம்ப யோசிக்க மாட்டார். சில பல கல்யாணங்களில் போட்ட காசு திரும்பிவிடும். அவர் யோசிப்பதெல்லாம் இது அடிக்கடி வெளியே போகுமா, கடையிலேயே கிடந்து தூசி பிடிக்குமா என்பதுதான்.

1980களின் ஜப்பானில் சினிமா கேசட்டுக்கும் இதே நிலைமை. ஜேவிசி நிறுவனம் 1976இல் வி.எச்.எஸ். வீடியோ முறையைக் கொண்டுவந்தது. அடுத்த பத்தாண்டில் வீட்டுக்கு வீடு பிளேயர் வந்து, தெருவுக்குத் தெரு வாடகைக் கடை முளைத்தது. பத்தாண்டு முடியும்போது அந்த நாட்டில் இப்படிப்பட்ட கடைகளின் எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. வாடகைக்கென்றே விற்கப்பட்ட ஒரு கேசட்டின் விலை பத்தாயிரம் யென்னுக்கு மேல். அந்த விலைக்கு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள எவருக்கும் மனசு வராது. வாடகை சில நூறு யென்தான், அதனால் அதை எடுத்துப் பார்க்கத் தயங்க வேண்டியதில்லை.

இப்போது தயாரிப்பாளர் பக்கம் போய் உட்காருங்கள். புரிவதற்காக முழு எண்களையே வைத்துக்கொள்வோம். ஒரு கேசட் 10,000 யென், அதை 10,000 கடைகள் ஆளுக்கு ஒன்று வாங்குகின்றன என்றால் மொத்தம் 10 கோடி யென். அதில் விநியோகம், கேசட் பதிவு, விளம்பரம் எல்லாம் போக மிஞ்சுவதுதான் படச் செலவுக்கும் லாபத்துக்கும். கடைகள் எத்தனை கேசட் எடுக்கும் என்பதைப் படம் வெளிவருவதற்கு முன்பே ஓரளவு கணித்துவிடலாம். கடைகளின் எண்ணிக்கை தெரிந்ததுதானே. தியேட்டர் படத்தில் வெள்ளிக்கிழமை மாலை வரை நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். இங்கே அந்தப் படபடப்பு குறைவு.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. கேசட்டை வாங்கிய கடை அதை ஐந்நூறு முறை வாடகைக்கு விட்டாலும் அந்தக் காலத்து ஏற்பாட்டில் கூடுதல் காசு கடைக்குத்தான். தயாரிப்பாளர் தன் காசை முதல் விற்பனையிலேயே வாங்கி முடித்துவிட்டார். படம் நன்றாக ஓடியதன் பலன் அவருக்கு எப்போது கிடைக்கும்? அதே மாதிரி இரண்டாவது படம் எடுக்கும்போது. "போன தடவை இது நல்லா போச்சு, இதையும் ரெண்டு குடுங்க" என்று கடைக்காரர் சொல்வார். தொடர் வரிசையாகப் படங்கள் வந்து குவிந்ததற்கு இதுதான் காரணம்.

சுருக்கமாகச் சொன்னால், படத்தை வாங்குவது ரசிகர் இல்லை, கடை. வரவுக்கு முன்கூட்டியே ஒரு உச்சவரம்பு இருக்கிறது. அந்த வரம்பிலிருந்து பின்னோக்கி நடந்துதான் படச் செலவு முடிவாகிறது. "குறைந்த பட்ஜெட்" என்பது இங்கே வறுமையைக் குறிக்கவில்லை. முதலிலேயே போட்டுவைத்த கணக்கு அது.

வி-சினிமா

இந்தக் கணக்கை ஒரு முழுநேரத் தொழிலாக்கியது டோயெய் என்ற பெரிய ஸ்டுடியோ. 1989 மார்ச்சில் 'கிரைம் ஹன்டர்' என்ற படத்தை நேரடியாக வீடியோவில் வெளியிட்டு, அந்த வரிசைக்கு 'வி-சினிமா' என்று பெயர் வைத்தது. வி-சினிமா என்பது டோயெய்யின் வணிகப் பெயர். மற்ற நிறுவனங்களும் அதே பாணியில் இறங்கின. அவை எல்லாவற்றுக்குமான பொதுப்பெயர் ஒரிஜினல் வீடியோ, அதாவது வீடியோவுக்காகவே முதலிலிருந்து எடுக்கப்பட்ட படம். அனிமேக்காரர்கள் இதே வழியை 1983இலேயே தொடங்கிவிட்டார்கள். நான்காவது ஆளின் குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

தியேட்டரில் போணியாகாத சரக்கு என்ற பேச்சு இதோடு அடிபட்டுப் போகிறது. இந்தப் படங்கள் தியேட்டரைக் குறிவைத்து எடுக்கப்படவே இல்லை. அதே சமயம் வீட்டு வீடியோ கேமராவில் எடுத்த விளையாட்டுப் படங்களும் இல்லை. பெரும்பாலும் 16 மி.மீ. பிலிமில், ஸ்டுடியோ அனுபவமுள்ள ஒளிப்பதிவாளரும் சண்டைக் கலைஞர்களும் வேலை பார்த்த படங்கள்.

'கிரைம் ஹன்டர்' சரியாக ஒரு மணி நேரம்தான். துப்பாக்கிக்கார போலீஸ், துப்பாக்கிக்காரக் கன்னியாஸ்திரி, தோட்டா மழை, முடிந்தது. வீட்டில் படம் பார்ப்பவர் கையில் ரிமோட் இருக்கிறது. போரடித்தால் ஓட்டிவிடுவார். ஃபாஸ்ட் ஃபார்வர்ட் பட்டனைத் தொட இடமே தரக்கூடாது என்பதுதான் எடுத்தவர்களின் குறிக்கோள். பிற்காலப் படங்கள் எண்பது, தொண்ணூறு நிமிடத்துக்கு நீண்டாலும் அந்தப் பதற்றம் மட்டும் கூடவே வந்தது.

"பி-கிரேடு" என்பவருக்கும் இங்கேயே ஒரு பதில் சொல்லிவிடலாம். ஜப்பானில் 1958இல் சினிமா டிக்கெட் விற்பனை 112 கோடியைத் தாண்டியது. பிறகு தொலைக்காட்சி வந்தது. 1996இல் அந்த எண்ணிக்கை 12 கோடிக்கும் கீழே போனது. பத்தில் ஒன்பது பேர் தியேட்டரை விட்டுப் போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டைய்யெய் ஸ்டுடியோ 1971இல் திவாலானது. அதே ஆண்டு நிக்காட்சு ஸ்டுடியோ வயதுவந்தோருக்கான படங்களுக்குத் தாவி 1988 வரை அதிலேயே காலம் தள்ளியது. அந்தக் கதவும் சாத்தப்பட்டபோது, படம் எடுக்கத் தெரிந்த நிறைய பேர் கையில் வேலை இல்லாமல் நின்றார்கள்.

அவர்களுக்குச் சோறு போட்டது வீடியோ. நிக்காட்சுவில் பேரெடுத்த மசாரு கொனுமா இங்கே வந்து பெண் கொலையாளிப் படம் எடுத்தார். உலகத் திரைவிழாக்கள் இன்று கொண்டாடும் கியோஷி குரோசாவா 90களின் நடுவில் நேரடி வீடியோவில் வரிசையாக நகைச்சுவைக் குற்றப் படங்கள் எடுத்தார். தகாஷி மீகே இயக்குநராக அறிமுகமானதே 1991இல் இந்தச் சந்தையில்தான். முதலில் வெளிவந்த அவருடைய படம் பெண் போலீஸ் குழு ஒன்றைப் பற்றியது. உச்சவரம்பைத் தாண்டாமல், சொன்ன தேதியில் படத்தை முடித்துக் கொடுத்தால் போதும், உள்ளே என்ன செய்கிறாய் என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்து ஒரு இளம் இயக்குநருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் அந்தக் கால ஜப்பானில் இல்லை.

ஏன் ஒரு பெண்?

கடைக்குள் போய் நில்லுங்கள். அலமாரியில் நூற்றுக்கணக்கான கேசட் உறைகள். டிரெய்லர் பார்க்க வழியில்லை, விமர்சனம் வந்திருக்காது, பெயரும் புதுசு. வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்ல இருப்பது அந்த அட்டைப்படம் மட்டும்தான். சில நொடியில் முடிவெடுப்பார். இந்த அலமாரியின் முன்னால் நின்றவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்.

அட்டையில் துப்பாக்கி இருந்தால் ஆக்‌ஷன் என்று புரியும். அழகான பெண் இருந்தால் வேறு ஒரு எதிர்பார்ப்பு எழும். துப்பாக்கி பிடித்த அழகான பெண் ஒரே படத்தில் இரண்டையும் சொல்லிவிடுகிறாள். இவ்வளவு பச்சையான வியாபார யோசனைதான் இந்த வகைப் படங்களின் பிறப்புச் சான்றிதழ். இதை மழுப்பிப் பேசுவதில் அர்த்தமில்லை. உடை களையும் காட்சி ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது இந்த வரிசைகளில் பலவற்றின் எழுதப்படாத விதி. மூன்றாமவர் சொன்னதில் பாதி சரி.

மீதிப் பாதிதான் சுவாரசியம். 1995இல் தொடங்கிய 'ஜீரோ உமன்' வீடியோ வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். நாயகி ரெய், டோக்கியோ மாநகர போலீஸின் ரகசியப் 'பூஜ்ஜியப் பிரிவில்' இருக்கிறாள். சட்டத்தால் தொட முடியாதவர்களைத் தீர்த்துக்கட்டுவது வேலை. முதல் படத்தில் ரெய்யாக நடித்தவர் நவோகோ ஈஜிமா. அடுத்ததில் நட்சுகி ஒசாவா. அதற்கடுத்து குமிகோ தகேதா. அப்புறமும் ஆள் மாறிக்கொண்டே போனது. பெரும்பாலும் மாடலிங்கிலிருந்தோ பத்திரிகை அட்டைகளிலிருந்தோ டிவியிலிருந்தோ வந்த முகங்கள்.

நட்சத்திரத்தை நம்பி எடுக்கும் சினிமாவில் இது நடக்காது. கணக்கை நினைவில் வைத்துப் பார்த்தால் காரணம் புரியும். வரவுக்கு உச்சவரம்பு இருக்கும்போது, ஒரு படம் ஓடியதும் சம்பளத்தை உயர்த்தும் நடிகையைத் தயாரிப்பாளரால் தாங்க முடியாது. ஆனால் ரெய் என்ற பாத்திரம் சம்பளம் கேட்காது. பெயரும் வேலையும் நிலையாக இருக்கும், முகம் மட்டும் மாறும். ஒவ்வொரு முறையும் அட்டையில் ஒரு புது முகம் என்பது கடைக்காரருக்கும் வசதி. கதையும் இதற்கு ஒத்துழைக்கிறது, பாருங்கள். பதிவேட்டில் பெயரே இல்லாத, யார் போனாலும் இன்னொருத்தி வந்து நிற்கக்கூடிய ஒரு பிரிவின் ஆள் அவள். தயாரிப்பு அலுவலகத்தில் நடிகைக்கு என்ன நிலைமையோ அதேதான் கதைக்குள் ரெய்யின் நிலைமையும். இவற்றில் நல்ல படங்கள் இந்த ஒற்றுமையை உணர்ந்தே எடுக்கப்பட்டவை என்பது என் எண்ணம். வேலை முடிந்து தனி அறையில் ரெய் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் காட்சிகளில் ஒரு சோர்வு தெரியும். அதை நடிப்பு என்று மட்டும் சொல்ல முடியவில்லை.

இதுவரை வந்ததைக் கோர்த்துக்கொள்வோம். அட்டைப்படத்தின் தேவை பெண் நாயகியைக் கொண்டுவந்தது. உச்சவரம்பு நடிகையை மாற்றிக்கொண்டே இருந்தது. மாறும் முகத்துக்கு ஏற்ற வேலையாக ரகசிய ஏஜென்ட் அமைந்தது. ஆனால் இந்த ஏஜென்ட் 90களில் திடீரென்று முளைத்தவள் இல்லை.

1974: சிவப்பு விலங்கு

ரெய்யின் வேர் தோரு ஷினோஹாரா எழுதி வரைந்த மங்கா, அதாவது ஜப்பானிய காமிக்ஸ். அதே ஷினோஹாராவின் இன்னொரு படைப்பிலிருந்துதான் 1972இல் மெய்கோ காஜி நடித்த 'பெண் கைதி ஸ்கார்ப்பியன்' படம் வந்து சக்கைப்போடு போட்டது. டோயெய் சும்மா இருக்குமா? 1974இல் பூஜ்ஜியப் பிரிவுக் கதையையும் எடுத்தது. இயக்கம் யுகியோ நோடா, நாயகி மிகி சுகிமோட்டோ. ஆங்கில உலகத்தில் 'ரெட் ஹேண்ட்கஃப்ஸ்' என்ற பெயரில் கிடைக்கும்.

தொடக்கமே முரட்டுத்தனமாக இருக்கும். பெண்களைச் சித்திரவதை செய்து கொல்லும் ஒரு வெளிநாட்டுத் தூதரக அதிகாரியை ரெய் தீர்த்துக்கட்டுகிறாள். தூதர் என்பதால் விவகாரம் சங்கடமாகிவிடுகிறது, அவளைச் சிறையில் தள்ளுகிறார்கள். பிறகு பிரதமர் நாற்காலியைக் குறிவைத்திருக்கும் ஒரு அரசியல்வாதியின் மகளைக் கும்பல் ஒன்று கடத்துகிறது. செய்தி வெளியே தெரிந்தால் அவருடைய அரசியல் போச்சு. மகளை மீட்டு, கும்பலில் ஒருவர் விடாமல் முடித்துவிட்டு, நடந்தது யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். சிறைக்கதவு திறக்கிறது. ரெய்யின் ஆயுதம் நீண்ட சங்கிலி கோத்த ஒரு சிவப்பு விலங்கு. சட்டத்தின் சின்னமே கொலைக்கருவியாகிறது, அதையும் ரத்த நிறத்தில் அடித்துவைத்திருக்கிறார்கள். நுணுக்கமான குறியீடு இல்லைதான். ஆனால் வேலை செய்கிறது.

அந்த அரசியல்வாதியாக வருபவர் டெட்சுரோ டாம்பா. ஏழு வருஷம் முன்னால் 1967இல் வந்த ஜேம்ஸ்பாண்ட் படமான 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' பார்த்தவர்களுக்கு அந்த முகம் ஞாபகமிருக்கும். ஜப்பான் உளவுத்துறைத் தலைவர் டைகர் தனாகா அவர்தான். அங்கே பாண்டுக்குத் தோள் கொடுக்கும் நேர்மையான தலைவர். இங்கே தன் பதவிக்காக எதையும் விற்கத் தயாரானவர். மேல்நாட்டார் கற்பனை செய்த ஜப்பானிய உளவுத்துறைக்கும் ஜப்பானியரே கற்பனை செய்த ரகசியப் பிரிவுக்கும் உள்ள தூரம் இந்த ஒரு நடிகரிலேயே தெரிந்துவிடுகிறது.

இந்தக் காலத்து டோயெய் படங்களுக்கு 'பிங்க்கி வயலென்ஸ்' என்று ஒரு பெயர் உண்டு. அடங்காத பெண்கள், ரத்தம், உடல் காட்சி, ஆண்களின் மேல் பழிவாங்கல் எல்லாம் கலந்த ஒரு வகை. இவற்றில் பாலியல் வன்முறைக் காட்சிகள் நிறைய. அந்தப் பகுதிகள் இன்று பார்க்கச் சகிக்காது. அன்றைக்கும் சகித்திருக்கக் கூடாது என்பேன். நாயகி கடைசியில் எல்லோரையும் கொன்றுவிடுவதால் அந்தக் காட்சிகள் நியாயமாகிவிடாது. முதல்முறை பார்க்க உட்காருபவர் இதைத் தெரிந்துகொண்டு உட்காருவது நல்லது.

90களின் வரிசையை "பிரெஞ்சுப் படம் 'நிகிதா'வின் காப்பி" என்று ஒதுக்குபவர்களும் உண்டு. 1990இல் வந்த 'நிகிதா'வின் பாதிப்பு கண்டிப்பாக இருக்கிறது, குறிப்பாக உடைகளிலும் நாயகியின் தனிமையிலும். ஆனால் சிறையிலிருந்து எடுத்து அரசாங்கம் கூலிப்படையாக மாற்றும் பெண் என்ற கரு டோயெய்யின் பரணில் 1974இலிருந்தே கிடந்தது. வீடியோ காலத்தில் தூசி தட்டி எடுத்தார்கள், அவ்வளவுதான். ஸ்கார்ப்பியனையும் அப்படியே 1991இல் தோஷிஹாரு இகேதா இயக்கத்தில் வி-சினிமாவாக மறுபடி கொண்டுவந்தார்கள். கையிருப்பில் உள்ள பெயருக்குப் புதிதாக விளம்பரம் செய்யவேண்டியதில்லை பாருங்கள்.

உளவுத்துறை எங்கே?

பாண்டுக்கு எம்.ஐ.6 இருக்கிறது. அமெரிக்க நாயகர்களுக்கு சி.ஐ.ஏ. ரெய் ஏன் போலீஸில் இருக்கிறாள்?

போருக்குப் பிந்தைய ஜப்பானில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் அந்த மாதிரி பெரிய உளவு நிறுவனம் உருவாகவில்லை. பிரதமர் அலுவலகத்தோடு இணைந்த ஒரு தகவல் ஆய்வு அலுவலகமும், உள்நாட்டு அமைப்புகளைக் கண்காணிக்கும் ஒரு முகமையும் இருக்கின்றன. இரண்டின் தொடக்கமும் 1952. போலீஸுக்குள் பொதுப்பாதுகாப்புப் பிரிவும் உண்டு. பெரும்பாலும் கோப்பும் கண்காணிப்பும்தான் இவற்றின் வேலை, சைலன்ஸர் துப்பாக்கி இல்லை. ஆகவே ஜப்பானியக் கதாசிரியர் ஒரு ரகசிய ஏஜென்டை எழுத நினைத்தால், வாசகர் நம்பும்படி ஒரு இடத்தை அவரே கண்டுபிடிக்க வேண்டும். எண்ணிட்ட பிரிவுகள் கொண்ட போலீஸ் தலைமையகத்தில் எண்ணே இல்லாத ஒரு பிரிவு என்பது கெட்டிக்காரத்தனமான தீர்வு.

தயாரிப்பாளருக்கும் இது பெரிய உபகாரம். எம்.ஐ.6ஐக் காட்டக் கட்டடம் வேண்டும், ஆய்வகம் வேண்டும், வரிசையாகக் கணினி வேண்டும். இல்லவே இல்லாத பிரிவைக் காட்ட ஒரு மேலதிகாரி, ஒரு மேஜை, மேஜை மேல் ஒரு புகைப்படம் போதும். "இவனை முடி." காட்சி முடிந்தது. வெளிநாட்டுப் படப்பிடிப்பு கிடையாது, வில்லனும் உள்ளூர் யாக்குசா ரவுடியோ ஊழல் அரசியல்வாதியோதான். டோக்கியோவின் நடுத்தெருவில் துப்பாக்கியோடு படம்பிடிக்க அனுமதி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால் எல்லோரும் கிடங்குக்கும் துறைமுகத்துக்கும் கைவிட்ட தொழிற்சாலைக்கும் போனார்கள்.

சுடாத துப்பாக்கி

ஜப்பானில் துப்பாக்கி, வாள் கட்டுப்பாட்டுச் சட்டம் 1958இல் வந்தது. உலகிலேயே கண்டிப்பானவற்றில் ஒன்று. ஹாலிவுட்டில் நிஜத் துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா போட்டுச் சுடுவது வழக்கமாக இருந்தது. ஜப்பானில் படப்பிடிப்புக்கென்றாலும் நிஜத் துப்பாக்கி கிடையாது. 1971இல் சட்டம் இன்னும் இறுகி, உலோகத்தில் செய்த மாடல் கைத்துப்பாக்கிக்கே குழாயை அடைத்து வெள்ளையோ மஞ்சளோ பூச வேண்டும் என்றானது. மஞ்சள் துப்பாக்கியோடு நிற்கும் ரகசிய ஏஜென்டை நினைத்துப் பாருங்கள்.

படக்குழுக்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தன. மின் பற்றவைப்புத் துப்பாக்கி. வெளியே பார்த்தால் கறுப்புத் துப்பாக்கி. உள்ளே தோட்டா போகும் வழியே இல்லை. குழாய் முனையில் கொஞ்சம் வெடிமருந்து, உள்ளே ஒரு மின்கம்பி, அதற்கு பேட்டரி. நடிகை விசையை அழுத்தியதும் மின்சாரம் பாய்ந்து முனையில் தீப்பொறி பறக்கும். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் மருந்தை நிரப்பி, இணைப்பைச் சரிபார்த்துத் தரவேண்டும். சத்தத்தைப் பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ப்பார்கள்.

இதன் விளைவைத் திரையில் கண்டுபிடிக்கலாம். நிஜத் துப்பாக்கி சுட்டால் கை பின்னுக்கு உதைபடும். இதில் உதைப்பு இல்லை. ஆகவே உதைப்பை நடிகையே தோளால் நடிக்க வேண்டும். சிலர் மிகையாகக் குலுக்குவார்கள், சிலர் மறந்தே போவார்கள். நெருக்கத்தில் தீப்பொறி, வெட்டு, எதிராளியின் சட்டையில் சின்ன வெடிப்பொட்டலம் ரத்தத்தோடு தெறிக்கும், வெட்டு, கீழே உருளும் காலித் தோட்டா. மூன்று துண்டையும் சேர்த்தால் ஒரு குண்டு பாய்ந்துவிட்டது. மேற்கத்திய ரசிகர்கள் "ஸ்டைலான எடிட்டிங்" என்று புகழும் பல இடங்களில் நடந்தது துப்பாக்கியின் குறையை மறைக்கும் வேலைதான். அதனால் என்ன, ஸ்டைல் ஸ்டைல்தானே.

கைச்சண்டைக்கு இந்தத் தொல்லை இல்லை. சண்டைப்பட நடிகர் சோனி சிபா 1970இல் தொடங்கிய ஜப்பான் ஆக்‌ஷன் கிளப், பயிற்சி பெற்ற சண்டைக் கலைஞர்களைத் தொடர்ந்து உருவாக்கியது. 1974இல் 'சிஸ்டர் ஸ்ட்ரீட் ஃபைட்டர்' படத்தில் நாயகியான எட்சுகோ ஷிஹோமி அங்கிருந்து வந்தவர். அவர் உதைத்தால் உதை நிஜமாகவே போய்ச் சேரும் போலிருக்கும். 90களின் அட்டைப்பட நாயகிகளில் பெரும்பாலோருக்கு அந்தப் பயிற்சி இல்லை. அதனால்தான் அந்தப் படங்களில் கால்களைவிடத் துப்பாக்கிக்கு வேலை அதிகம்.

அண்டா வாடகை முடிந்த பிறகு

டிவிடி வந்ததும் ரசிகரே வாங்கும் விலைக்குப் படங்கள் இறங்கின. பிறகு இணையம். வாடகைக் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட, முன்கூட்டியே போட்டுவைத்த அந்தக் கணக்கு செல்லுபடியாகாமல் போனது. வி-சினிமாவின் கடைசிப் பெரிய அதிர்ஷ்டம் பேய்ப் படத்தில் அடித்தது. 2000இல் டோயெய் வீடியோ வெளியிட்ட 'ஜு-ஆன்' வாய்மொழியாகவே பரவி, தியேட்டருக்குப் போய், 2004இல் 'தி கிரட்ஜ்' என்று ஹாலிவுட் வரை போனது. பெண் ஏஜென்ட்டுகளுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை.

ஆனாலும் அவள் காணாமல் போய்விடவில்லை. 2021இல் யூகோ சகமோட்டோ இயக்கிய 'பேபி அசாசின்ஸ்' பாருங்கள். இரண்டு இளம்பெண்கள், தொழில் கொலை, கொஞ்சமே காசு. இருவரில் ஒருவரான சவோரி இசாவா அட்டைப்படத்துக்காக எடுக்கப்பட்டவர் இல்லை, தொழில்முறைச் சண்டைக் கலைஞர். 'ஜான் விக்' நான்காம் பாகத்தில் ஒரு நடிகைக்குப் பதிலாளாகச் சண்டை போட்டவர். இங்கே அவர் முகத்தைக் காட்டிக்கொண்டே சண்டை போடுகிறார், கேமராவும் வெட்டாமல் நின்று பார்க்கிறது. உடை களையும் விதி போயே போச்சு. படம் தியேட்டரில் ஓடி, அடுத்தடுத்த பாகங்களும் ஒரு டிவி தொடரும் வந்துவிட்டன.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர் இந்தக் கடைசிப் படத்திலிருந்து பின்னோக்கிப் போவது நல்லது. அடுத்து 'கிரைம் ஹன்டர்', ஒரு மணி நேரம்தானே. அப்புறம் கொனுமா 1994இல் எடுத்த 'பியூட்டிஃபுல் ஹன்டர்'. கத்தோலிக்க மடத்தின் மறைவில் இயங்கும் கொலைக்கூட்டம் வளர்த்த அனாதைப் பெண்ணின் கதை. ஒளியமைப்பிலேயே பழைய ஸ்டுடியோக்காரரின் கை தெரியும். உடல் காட்சிகள் இதிலும் உண்டு. 1974 படத்தை வயிறு திடமாக இருக்கும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். 'ஜீரோ உமன்' வீடியோ வரிசையை எந்த ஒழுங்கில் பார்ப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 1995இல் வந்த முதல் படத்துக்கே ஆங்கிலத்தில் 'ஃபைனல் மிஷன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.